பத்தாவது அசிஸ்ட்: எண்ணிக்கையும் ஓர் அமானிதமே

வானகரம் மீன் சந்தைக்கு அதிகாலையில் செல்வோரின் கண்கள் மீனைப் பார்ப்பதைவிட எடையைப் பார்ப்பதிலேயே கவனமாக இருக்கும். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்பதை நம் மார்க்கம் வணிகத்தின் அடிப்படையாகக் கற்பிக்கிறது. அளவில் மோசடி செய்வோரையே பெயராகக் கொண்டது திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம். இந்த நேர்மை கடைத்தெருவுக்கு மட்டும் உரியதா? விளையாட்டுத் திடலின் ஓரத்தில் அமர்ந்து புள்ளிகளை எண்ணி எழுதுபவரின் கையிலும் ஒரு தராசு இருக்கிறது. கூடைப்பந்தாட்ட வரலாற்றில் ஓர் ஒற்றை எண்ணைப் பற்றி எழுந்த வழக்கு இதனை நன்கு விளக்கும்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பீச் பழக்கூடைகள் இரண்டு. அணிக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டம் முழுவதிலும் கூடையில் விழுந்த பந்து ஒன்றுதான். எனவே எழுதிவைக்க வேண்டிய எண்ணும் ஒன்றே. அதே ஒய்.எம்.சி.ஏ.வின் சார்பில் 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் வழியாகப் பல விளையாட்டுகள் நம் பள்ளிகளை வந்தடைந்தன.

ஆட்டம் வளர, அதன் ஏடும் வளர்ந்தது. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ., கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் 'ரீபவுண்ட்' கணக்கை 1950-51 பருவத்தில் எழுதத் தொடங்கியது. எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்கும் 'ஸ்டீல்', எறியப்பட்ட பந்தைத் தடுக்கும் 'பிளாக்' ஆகியவற்றுக்கு 1973-74இல்தான் ஏட்டில் இடம் கிடைத்தது. பந்தைத் தடுப்பதில் பெரும்புகழ் பெற்று, 13 பருவங்களில் 11 முறை வாகை சூடிய பில் ரஸ்ஸல் 1969இலேயே ஓய்வுபெற்றுவிட்டார். அவர் தடுத்த பந்துகள் எத்தனை என்பதற்கு அதிகாரபூர்வமான எண் ஏதுமில்லை. ஏட்டில் ஏறவில்லை என்பதற்காக அந்த உழைப்பு இல்லாமல் போய்விடவில்லை.

ஒரே ஆட்டத்தில் நான்கு பிரிவுகளில் இரட்டை இலக்க எண்களை எட்டுவதை 'குவாட்ரபிள் டபுள்' என்பர். 1974இல் நேட் தர்மண்ட், 1986இல் ஆல்வின் ராபர்ட்சன் ஆகிய இருவர் மட்டுமே 1990 தொடங்கும் வரை அதனை எட்டியிருந்தனர்.

இந்நிலையில், நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு ஆடிவந்த ஹக்கீம் ஒலாஜுவான் 1990 மார்ச் 3 அன்று கோல்டன் ஸ்டேட் அணியை எதிர்கொண்டார். ஆட்டம் முடிந்தபோது ஏட்டில் இருந்தவை: 29 புள்ளிகள், 18 ரீபவுண்டுகள், 11 பிளாக்குகள், 9 அசிஸ்டுகள். சக வீரர் புள்ளி எடுக்க நேரடியாக வழிவகுத்த பந்துக் கடத்தலே அசிஸ்ட். இன்னும் ஒன்று இருந்திருந்தால் அவர் மூன்றாமவர் ஆகியிருப்பார்.

ஒளிப்பதிவை மீண்டும் பார்த்த ராக்கெட்ஸ் தரப்பு, விடுபட்ட ஓர் அசிஸ்டைக் கண்டதாகக் கூறி 9ஐ 10 ஆக்கியது. லீக் தலைமை அத்திருத்தத்தை ஏற்க மறுத்தது. எண் மீண்டும் 9 ஆனது.

கூடையில் விழுந்த பந்தைப் பற்றி வழக்கு எழுவது அரிது. அசிஸ்டோ எண்ணுபவரின் தீர்ப்பைச் சார்ந்தது. என்.பி.ஏ. ஆட்டங்களில் எண்ணுவோர் உள்ளூர் அணியின் ஏற்பாட்டில் அமர்பவர்கள். தம் வீரர் வரலாறு படைக்க ஓர் எண் குறையும்போது அவர்களின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நாம் அறிவோம். தமக்கோ தம் உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் உண்மைக்கே சாட்சியாக நிற்க வேண்டும் என்ற மார்க்கத்தின் கட்டளை இத்தகைய தருணங்களுக்கும் உரியதே.

அம்மாதம் முடிவதற்குள், மார்ச் 29 அன்று மில்வாக்கி அணிக்கு எதிராக ஒலாஜுவான் 18 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள், 10 அசிஸ்டுகள், 11 பிளாக்குகள் எடுத்தார். இம்முறை ஒருவரும் எதையும் கூட்டவோ குறைக்கவோ தேவைப்படவில்லை. முந்தைய 10 ஏற்கப்பட்டிருந்தால், பிந்தைய 10இன் மீதும் ஐயத்தின் நிழல் விழுந்திருக்கும்.

1995இல் ரமலான் மாதம் பிப்ரவரித் தொடக்கத்தில் பிறந்தது. ஆட்ட நாட்களிலும் தண்ணீர்கூட அருந்தாமல் நோன்பு நோற்ற ஒலாஜுவான், அந்த பிப்ரவரிக்கான சிறந்த வீரராக லீக்கினால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 3,830 பிளாக்குகளுடன் ஓய்வுபெற்ற அவரே அப்பிரிவில் இன்றும் முதலிடத்தில் இருக்கிறார். ஆயினும் தாகத்தை எழுத அந்த ஏட்டில் ஒரு கட்டமும் இல்லை. அதனை எழுதுவோர் வேறு. கிராமன் காத்திபீன் என நாம் அறிந்த வானவர்களின் ஏட்டில் எதுவும் விடுபடுவதில்லை.

வானகரம், மதுரவாயல், பூந்தமல்லிப் பகுதிகளில் அஸருக்குப் பின் பந்தோடு திடலுக்கு ஓடும் நம் பிள்ளைகளிடம் வெற்றியை விசாரிக்கும் நாம், எண்ணிக்கை சரியாக நடந்ததா என்றும் கேட்போம். எல்லைக்கோட்டுக்கு வெளியே தன் கை பட்ட பந்தை, நடுவர் காணாதபோதும், தானே ஒப்புக்கொள்ளும் பிள்ளை நாளை தராசின் முன் நின்றாலும் தடுமாறாது. எண்ணிலும் எடையிலும் நீதி செலுத்துவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக!