நஞ்சுக்கொடி உயிரணுக்களில் நோயெதிர்ப்பு மரபணுக்கள்

தன் மரபணுக்களில் பாதியைத் தந்தையிடமிருந்து பெற்ற சிசு தாயின் சரீரத்துக்கு ஒருவகையில் அந்நியமே ஆயினும், பிறர் தோலை ஒட்டவைத்தால் சில வாரங்களுக்குள் அதை அழித்துவிடும் அதே சரீரம் சிசுவைப் பத்து மாதமும் பேணி வளர்க்கிறது. நஞ்சுக்கொடியின் புறத்தே நின்று தாயின் உதிரத்தையும் கருப்பைச் சுவரையும் நேரே தொடும் டிரோபோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள், தம் நோயெதிர்ப்பு மரபணுக்களுள் சிலவற்றை அடக்கிச் சிலவற்றை மட்டும் இயங்கவிடுவதே இந்த அற்புதத்தின் பிரதான காரணங்களுள் ஒன்றாகும்.

இவ்விஷயத்தைத் தெளிவான வினாவாக்கியவர் தோல் ஒட்டுதலை ஆராய்ந்து வந்த பீட்டர் மெடவார். தாய்க்கும் சேய்க்கும் இடையேயுள்ள தடுப்பு, சிசுவின் அடையாளப் பொருள்கள் முதிராமை, தாயின் எதிர்ப்புச் சக்தி மந்தப்படுதல் என மூன்று சாத்தியங்களை அவர் 1953-இல் முன்வைத்தார். 1976-இல் ஃபால்க்கும் டெம்பிளும், நஞ்சுக்கொடியின் விரல் போன்ற முளைகளைப் போர்த்திய டிரோபோபிளாஸ்டில், திசுக்களின் அடையாளமாகிய எச்.எல்.ஏ. புரதங்கள் காணப்படாமையைக் காட்டினர்.

அடையாளம் அடியோடு இல்லாத உயிரணுவை, இயற்கைக் கொல்லிகள் எனப்படும் தாயின் என்.கே. அணுக்கள் தாக்கக்கூடும் என்பதாலும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பைச் சுவரில் அவ்வணுக்கள் மிகுந்திருப்பதாலும், வெறும் மௌனம் சிசுவுக்குப் போதிய காவலாகாது. கருப்பைக்குள் ஊடுருவிச் செல்லும் டிரோபோபிளாஸ்டுகளில் எச்.எல்.ஏ.-ஏ, பி ஆகியவை அடங்கியிருக்க, ஜி என்னும் அபூர்வ வகை வெளிப்படுவது 1990-இல் உறுதியாயிற்று. சி வகையும் அவற்றில் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அடக்குதலின் வழியும் படிப்படியாகப் புலப்பட்டது. மேலே சொன்னவற்றினின்று வேறான இரண்டாம் வகுப்பு எச்.எல்.ஏ. மரபணுக்களைத் தூண்டும் தலைமைப் புரதமாகிய சி.ஐ.ஐ.டி.ஏ. 1993-இல் கண்டறியப்பட்டது. டிரோபோபிளாஸ்டில் அது உற்பத்தியாவதில்லை. ஆகவே, பிற திசுக்களில் அம்மரபணுக்களை எழுப்பும் காமா இன்டர்ஃபெரான் என்னும் சமிக்ஞைப் புரதம் இங்கே பலிப்பதில்லை. சோதனைக்கூடத்தில் அப்புரதத்தை வளர்ப்பணுக்களுக்குள் செலுத்தியபோதோ, அடங்கியிருந்த மரபணுக்கள் விழித்தெழுந்தன.

ஜி மரபணுவின் தூண்டுதல் வேறு விதமானது. அதற்குச் சுமார் 12,000 கார இணைகளுக்கு அப்பால் ஒரு தூண்டுபகுதி இருப்பதை, ஹார்வர்டில் ஸ்ட்ராமிங்கரும் சகாக்களும் 2016-இல் வெளியிட்டனர். டி.என்.ஏ. வளைந்து அத்தூரப் பகுதியை மரபணுவின் தலைவாயிலில் சேர்க்கிறது; அதை வெட்டி நீக்கியவுடன் ஜி புரதமும் மறைந்தது. எலியில் இதற்கு நேரான மரபணு இல்லாமையால், மனித நஞ்சுக்கொடியின் அணுக்களையும் அதில் தோன்றும் புற்றின் அணுக்களையுமே ஆராய்ச்சியாளர் நம்பியிருந்தனர். 2018-இல் டிரோபோபிளாஸ்ட் மூல அணுக்களை வளர்க்கும் முறை கைகூடியது பேருதவியாயிற்று.

சிசுவின் சி வகையைத் தாயின் என்.கே. அணுக்கள் உணர்வதும், இருவருடைய மரபணுக்களின் குறிப்பிட்ட சில சேர்க்கைகளில் கர்ப்பகால ரத்த அழுத்த நோயாகிய பிரீஎக்ளாம்ப்சியா மிகுதியாக நேர்வதும் அறியப்பட்டுள்ளமையால், தாயின் சரீரம் சிசுவை அறியாமலே சகித்துக்கொள்கிறது என்ற பழைய கொள்கை நிலைக்கவில்லை. இருவருக்குமிடையே நிகழும் அளவான அறிமுகமே கருப்பையின் தமனிகள் விரிந்து சிசுவுக்குப் போதிய உதிரம் கிடைக்கத் துணைநிற்கிறது என்பதே இன்றைய அறிவியல் கொள்கை.