ஜி6பிடி நொதி

குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக ஜி6பிடி, செல்லுக்குள் குளுக்கோஸ் பயன்படும் வழிகளுள் ஒன்றைத் தொடங்கி வைக்கும் நொதி. பாக்டீரியா, ஈஸ்ட், தாவரம், விலங்கு, மனிதர் எனப் பெரும்பாலான உயிரினங்களில் இது உண்டு. மனிதரிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நொதிக் குறைபாடு இந்த நொதியின் குறைபாடே. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே இருப்பார்கள். ஆனால் சில மருந்துகளும் ஓர் உணவும் அவர்களுடைய சிவப்பணுக்களை இரண்டு மூன்று நாட்களில் பெருமளவில் அழித்துவிடக்கூடும்.

செயல்படும் விதம்

செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸ் முதலில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாறுகிறது. அதில் பெரும்பகுதி ஆற்றலுக்காகச் சிதைக்கப்படுகிறது. ஒரு பகுதி பென்டோஸ் பாஸ்பேட் வழி என்னும் கிளைப்பாதையில் செல்கிறது. அந்தப் பாதையின் முதல் வினையை நடத்துவது ஜி6பிடி. இதனால் செல்லுக்கு இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றைக் கட்டத் தேவையான ரைபோஸ் சர்க்கரை. மற்றொன்று என்ஏடிபிஎச் என்னும் மூலக்கூறு. கொழுப்பு அமிலங்களும் கொலஸ்டிராலும் உருவாக இது தேவை. அதைவிட முக்கியமாக, குளுட்டாத்தயோன் என்னும் பாதுகாப்புப் பொருளைச் செயல்படும் நிலையில் வைத்திருப்பதும் இதுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளைக் குளுட்டாத்தயோன் செயலிழக்கச் செய்கிறது.

மற்ற செல்களுக்கு என்ஏடிபிஎச் பெற வேறு வழிகளும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு ஜி6பிடி தொடங்கும் இந்தப் பாதை ஒன்றே கதி. சிவப்பணுவில் உட்கருவும் இல்லாததால், இருக்கும் நொதி தேய்ந்தால் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாது. சுமார் 120 நாள் வாழும் அந்த அணுவில் நாளாக ஆக நொதி குறைந்துகொண்டே போகிறது. குறைபாடு உள்ளவர்களிடம் வயதான அணுக்கள் முதலில் உடைவது இதனால்தான்.

பல உயிரினங்களில்

தாவரங்களில் பசுங்கணிகத்திலுள்ள ஜி6பிடி வெளிச்சத்தில் அடங்கி, இருட்டில் வேலை செய்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையே என்ஏடிபிஎச்சைத் தந்துவிடுகிறது. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணியிடம் இந்த நொதி, பாதையின் அடுத்த வினைக்கான நொதியோடு ஒரே புரதமாக இணைந்திருக்கிறது. லூக்கோநாஸ்டாக் என்னும் பாக்டீரியாவின் ஜி6பிடி, இரத்தச் சர்க்கரை அளக்கும் ஆய்வகப் பரிசோதனைகளில் பயன்படுகிறது. வேகமாகப் பெருகும் செல்களுக்கு ரைபோஸும் கொழுப்பும் நிறையத் தேவைப்படுவதால், பல வகைப் புற்றுநோய்க் கட்டிகளில் இதன் செயல்பாடு கூடுதலாக இருக்கிறது.

கண்டறியப்பட்ட வரலாறு

ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க்கும் அவருடைய சக ஆய்வாளர் வால்டர் கிறிஸ்டியனும் 1930களின் தொடக்கத்தில் இந்த நொதியைக் கண்டறிந்தனர். நோயோடு இதற்குள்ள தொடர்பு மலேரியா மருந்துகளின் வழியாக வெளிப்பட்டது. 1920களில் பாமாகுவின் மருந்து புழக்கத்துக்கு வந்ததுமே, அதை உட்கொண்ட சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைவதை மருத்துவர்கள் கவனித்தனர். அதன்பின் வந்த பிரைமாகுவினும் அதையே செய்தது.

கோளாறு உடலில் இருக்கிறதா, அணுவிலேயே இருக்கிறதா என்னும் கேள்விக்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள ஸ்டேட்வில் சிறையில் நடந்த ஆய்வு விடை கண்டது. ரேமண்ட் டெர்ன், ஆல்ஃப் ஆல்விங் உள்ளிட்டோர் பாதிக்கப்பட்டவரின் சிவப்பணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, ஆரோக்கியமானவருக்குச் செலுத்தினர். அவருக்கு பிரைமாகுவின் கொடுத்தபோது, செலுத்திய அணுக்கள் மட்டும் அழிந்தன. மாற்றிச் செய்தபோது, பாதிக்கப்பட்டவரின் உடலுக்குள் சென்ற நல்ல அணுக்கள் தப்பின. கோளாறு அணுவுக்குள்தான் என்பது 1954இல் உறுதியானது. அது ஜி6பிடி குறைபாடு என்பதை 1956இல் பால் கார்சன் குழுவினர் காட்டினர். இந்த அறிவு கைதிகளின் உடலில் சோதித்துப் பெறப்பட்டது. சிறைக்குள் இருப்பவர் தரும் சம்மதத்தை முழுச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று பின்னாளில் எழுந்த கண்டனம் நியாயமானது.

மரபுவழியும் மலேரியாவும்

இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ் என்பதால், அந்த ஒரு மரபணுவில் பிழை இருந்தாலே குறைபாடு வெளிப்படும். ஓர் எக்ஸில் மட்டும் பிழை உள்ள பெண்களின் உடலில் குறைபாடுள்ள அணுக்களும் நல்ல அணுக்களும் கலந்திருக்கும். பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஓர் எக்ஸ் மட்டுமே இயங்குகிறது என்னும் கருத்தை மேரி லயன் 1961இல் எலிகளை வைத்து முன்வைத்தார். மனிதரிடம் அதை நிறுவ உதவியதும் இந்த நொதிதான்.

மலேரியா நெடுங்காலம் நிலவிய ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் நாடுகள், மேற்கு ஆசியா, தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில்தான் குறைபாடு மிகுதி. குறைபாடுள்ள அணுக்களில் ஒட்டுண்ணி செழித்து வளர்வதில்லை. அதனால் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்து, இந்த மரபணு மாற்றங்கள் தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தன. இந்தியாவில் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா ஆகிய மூன்று வகை மாற்றங்கள் முக்கியமானவை. ஒரிசா வகை பழங்குடி மக்களிடையே அதிகம்.

அறிகுறிகளும் தூண்டுபவையும்

தூண்டும் பொருள் உடலுக்குள் போன ஓரிரு நாட்களில் உடல் வெளிறும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும், மூச்சு வாங்கும். பிரைமாகுவின், டாஃபெனோகுவின், தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன், மெத்திலீன் புளூ, ராஸ்புரிகேஸ் ஆகியவை ஆபத்தான மருந்துகள். துணிகளுக்கிடையே வைக்கும் நாப்தலீன் அந்துருண்டையும் ஆபத்தானது. அதன் வாடை ஏறிய துணியில் சுற்றிய பச்சிளங்குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். தொற்றுநோய்க் காய்ச்சலும் தூண்டலாம். உணவில் ஃபாவா பயறு முதன்மையானது. இது நம் வீட்டுக் கொடியில் காய்க்கும் அவரை அல்ல, வேறு செடி. பிறந்த குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலை வரலாம். உடனே ஒளிச்சிகிச்சை தராவிட்டால் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி மூளையைப் பாதிக்கலாம்.

பரிசோதனையும் தடுப்பும்

குறைபாட்டை மாற்ற மருந்து இல்லை. தூண்டுபவற்றைத் தவிர்ப்பதே வழி. ஒளிர்புள்ளிச் சோதனை எளியது. ஒரு துளி இரத்தத்தை வினைப்பொருளோடு கலந்து, வடிதாளில் இட்டு உலரவைத்து, புற ஊதா விளக்கின் கீழ்ப் பார்ப்பார்கள். நொதி இருந்தால் என்ஏடிபிஎச் உருவாகிப் புள்ளி ஒளிரும். இல்லாவிட்டால் இருண்டே கிடக்கும். சிவப்பணு உடைந்த சமயத்தில் செய்தால் முடிவு தவறாக வரலாம். பழைய அணுக்கள் அழிந்து, நொதி மிகுந்த இளம் அணுக்களே அப்போது மிஞ்சியிருக்கும். அதனால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கலப்பு அணுக்கள் கொண்ட பெண்களுக்கு நொதியின் அளவைக் கணக்கிடும் சோதனையே நம்பகமானது.

கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சல் தரும் விவாக்ஸ் மலேரியாவை ஒழிக்க பிரைமாகுவின் வகை மருந்துகளே கைகொடுக்கின்றன. எனவே அவற்றை ஒதுக்கிவிட முடியாது. கொடுப்பதற்கு முன் சோதிப்பதே முறை. குறைபாடு உள்ளவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் வாரம் ஒருமுறை வீதம் 8 வாரங்கள் பிரைமாகுவின் தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குறைபாடு இருப்பதாகத் தெரிந்தவர் அதை எழுத்தில் வைத்திருந்து, எந்த மருத்துவரைப் பார்த்தாலும் மருந்துச் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும்.