வெற்றிடமும் சிற்றம்பல வெளியும்



தில்லை ஆகாயத் தலம். திரை விலகியவுடன் பொன் வில்வமாலை தொங்கும் வெளியே அங்கு இரகசியமாகப் போற்றப்படுகிறது. அவ்வெளியை மேனாட்டு விஞ்ஞானமே மெய்ப்பித்துவிட்டது என விழா மேடைகளில் முழங்குவோர் உளர். அம்முழக்கத்திற்குக் கைதட்டுமுன், வெற்றிடம் பற்றி மேனாட்டார் கொண்டும் விட்டும் வந்த கொள்கைகளின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பித் தொட்டியிற் கவிழ்த்தால், பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலுள்ள இடம் வெறுமையாகும். இத்தாலியரான டாரிசெல்லி 1644-இல் இதனைக் கடிதத்தில் விளக்கினார். வெறுமை என ஒன்று இருத்தல் இயலாது என்ற பழங்கொள்கை ஆட்டங்கண்டது. ஆயினும், ஒளி அலையாயின் அவ்வலை எதிலே எழுகிறது என்ற வினா பின்னர்ப் பிறந்தது. ‘ஈதர்’ என்னும் நுண்பொருள் எங்கும் நிறைந்துள்ளது என்றனர். அணுக்களே ஈதரில் எழும் சுழிகள் என 1867-இல் கெல்வின் கூறினார். அந்நாளில் இவை பேரறிஞர் கொள்கைகளே. விளிம்பில் நின்றோர் கூற்றல்ல.

1887-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சனும் மார்லியும் அதனைச் சோதித்தனர். பாதரசத்தில் மிதக்கும் பெருங்கற்பலகை, அதன்மேற் கண்ணாடிகள், ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்துச் செங்குத்தான இரு திசைகளிற் செலுத்தி மீண்டும் சேர்த்தனர். நிலவுலகு ஈதரூடே நொடிக்கு 30 கிலோமீட்டர் விரைகின்றதாயின், கல்லைச் சுழற்றுந்தோறும் ஒளிவரிகள் இடம்பெயர வேண்டும். எதிர்பார்த்த பெயர்ச்சி அங்குக் காணப்படவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவர் வருகிறார். சுவாமி விவேகானந்தர் 1896-இல் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில், பிராணன், ஆகாசம் என்பவற்றைக் கேட்டு மின்னியல் மேதை டெஸ்லா மகிழ்ந்ததையும், சக்தியும் பொருளும் ஒன்றினின்று தோன்றியவை எனக் கணிதத்தால் நிறுவ முடியும் என்று அவர் கருதியதையும் குறிப்பிட்டுள்ளார். அந்நிறுவல் நிகழின் வேதாந்த அண்டவியல் உறுதியான அடித்தளம் பெறும் எனவும் சுவாமிகள் நம்பினார். ஒன்பதாண்டுகள் கழித்து, 1905-இல், ஈதர் என ஒன்றைக் கொள்ளுதல் மிகையென ஐன்ஸ்டைன் எழுதினார். டெஸ்லாவோ 1943-இல் மறையும் வரை ஈதரைக் கைவிடவில்லை.

அவ்வாறு கைவிடாதோரில் டேட்டன் மில்லர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்க இயற்பியற் கழகத்தின் தலைவராயிருந்தவர் அவர். 1925, 1926 ஆகிய ஆண்டுகளில் மவுண்ட் வில்சன் மலையுச்சியிற் கருவியை அமைத்து, நொடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகங்கொண்ட ஈதர்க் காற்றைக் கண்டதாக அறிவித்தார். உழைப்பில் அவரை விஞ்சுவார் அரியர், பொய்யுரைத்தவரும் அல்லர். அவர் விட்டுச்சென்ற அளவீட்டுத் தாள்களை அவருடைய மாணவராயிருந்த ஷாங்க்லாந்தும் பிறரும் மீளாய்ந்து, அவர் கண்ட பெயர்ச்சிகள் வெப்பநிலை மாற்றங்களாலும் தற்செயற் பிழைகளாலும் நேர்ந்தவை என 1955-இல் வெளியிட்டனர்.

வெற்றிடத்திலும் ஆற்றல் உண்டென்று குவாண்டம் இயற்பியல் கூறுவது மெய்யே. அணுக்கமாக எதிரெதிர் நிறுத்திய இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என 1948-இல் டச்சு நாட்டுக் காசிமிர் கணித்தார். 1997-இல் அமெரிக்கர் லமோரோ அவ்விசையை நுட்பமாக அளந்தார். இதைப் பற்றிக்கொண்டு, வெற்றிடத்தினின்று விலையில்லா மின்சாரம் எடுப்போம் எனப் பொறி காட்டுவோரும் தோன்றினர். அவ்வாற்றல் இனிக் குறைய இயலாத தாழ்நிலை ஆற்றல். அதனைத் தொடர்ந்து கறக்க இயலாது. அப்பொறிகளில் ஒன்றேனும் நிறுவப்படவில்லை. இவர்களுடைய ஏடுகளைத் தில்லைக்குச் சான்றாகக் காட்டுவது பெருமையாகாது.

மேலும் ஒரு தடை உண்டு. ஆகாயத்தின் குணம் ஓசை என்பது நம் நூல்களின் துணிபு. காற்றை வெளியேற்றிய கலத்தினுள் கடிகாரத்தின் ஓசை கேளாது போவதை 1660-இல் பாயில் காட்டினார். விஞ்ஞானியின் வெற்றிடமே நம் ஆகாயம் என்று சாதிப்போர் இதற்கு விடையிறுத்தல் வேண்டும்.

சைவ சித்தாந்தியோ அவ்வாறு சாதிக்க வேண்டுவதில்லை. மண்முதல் எண்ணினால் ஆகாயம் ஐந்தாவது தத்துவம். மாயையிற் பிறந்த சடப்பொருள். ஈதர் வென்றாலும், ஐன்ஸ்டைன் வென்றாலும், வழக்கு அந்த ஐந்தாம் படியோடு நின்றுவிடும். அதற்கு மேல் 31 தத்துவங்கள் உள. கூத்தப்பெருமான் ஆடுவதோ அந்த 36-ஐயும் கடந்த சிதாகாசத்தில்.