பிள்ளையின் தலையில் செதிலா? சுரண்டாதீர்கள்

நாயாற்றின் உப்புக்காற்றும் வெயிலும் பெரியவர்களின் தோலையே வறளச் செய்யும். சிறு பிள்ளையின் தலைத்தோலைக் கேட்கவா வேண்டும்? எண்ணெய்ப்பசையோடு மஞ்சளாகப் படியும் செதிலுக்கு, தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பங்கசும் காரணமாகலாம். தாய் துப்புரவாக வைத்திருக்கவில்லை என்று அயலார் சொல்வது பிழை. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

குளிப்பாட்டுவதற்குக் கால் மணித்தியாலம் முன்னர் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். மென்மையான துணியால் மெல்லத் துடைத்து, குழந்தைகளுக்கான ஷாம்பூவால் எண்ணெய் முழுவதும் போகக் கழுவுங்கள். பலர் பிழைவிடுவது இங்கேதான்: எண்ணெயைக் கழுவாமல் நாள் முழுதும் விட்டால் செதில் இன்னும் தடித்துப் படியலாம். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால், கடைசி வாளிக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். நகத்தால் உரித்தால் புண்ணாகும். தேசிக்காய்ச் சாறு, டெற்றோல் வேண்டாம். பேனுக்கென்று சிலர் பூசும் மண்ணெண்ணெய் ஆபத்தானது.

வட்டமாக முடி கொட்டினாலோ, வீங்கிச் சீழ் வைத்தாலோ எண்ணெயோடு காத்திருக்காதீர்கள். அது படர்தாமரையாக இருக்கலாம். அது தொற்றும்; வாரக்கணக்கில் வாய்வழி மருந்து தேவை. சீப்பைத் தனியாக வைத்துவிட்டு, குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள், அல்லது மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.