ஊரகப் பொதுச் சுகாதாரப் பணி: அன்றும் இன்றும்

அரிமளம் அமைந்துள்ள புதுக்கோட்டைப் பகுதி 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது. அண்டையிலிருந்த சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. அக்காலச் சுகாதாரப் பணியாளர்கள் ஊர்தோறும் சென்று அம்மைத் தடுப்பூசி இட்டனர். காலரா கண்ட ஊர்களில் குடிநீர்க் கிணறுகளைத் தூய்மைப்படுத்தினர். நோய் அடுத்த வீட்டிற்குப் பரவாமல் தடுப்பதே அப்பணியின் நோக்கம்.

தாங்கள் செய்ய வேண்டியவை

• வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். கரைசலை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தவும்.
• ஒரே தெருவில் பலருக்கு இந்நோய் கண்டால், கிராம சுகாதார செவிலியரிடம் உடனே தெரிவிக்கவும். தகவல் கிடைத்தால்தான் குடிநீரைச் சோதித்துக் குளோரின் கலக்க இயலும்.
• சோர்வு, மயக்கம், சிறுநீர் குறைதல் காணப்பட்டால் 108-ஐ அழைக்கவும்.