புதனின் மிச்சக் கணக்கும் இல்லாத கோளும்

யதார்த்தம் கோட்பாட்டுக்குள் அடங்காதபோது என்ன செய்வது? நம்ம வட்டங்களில் ஓயாத சண்டை இது. மறைந்திருக்கும் காரணத்தைத் தேடு என்பார்கள் சிலர். கோட்பாட்டையே தூக்கிப் போடு என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பது அறிவியலைத்தான். எனவே புதன் கோளின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

புதனின் பாதை நீள்வட்டம். அண்மைநிலையில் சூரியனிலிருந்து சுமார் 4.6 கோடி கிலோமீட்டர். சேய்மைநிலையில் ஏறத்தாழ 7 கோடி. சிக்கல் என்னவென்றால் அந்த அண்மைப்புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை, மெல்ல நகர்கிறது. பிற கோள்களின் ஈர்ப்பைக் கணக்கில் சேர்த்தால் நகர்வின் பெரும்பகுதி நேராகிவிடும். 1859இல் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே போட்ட கணக்கில் நூற்றாண்டுக்கு 38 விகலை மிஞ்சியது. 1882இல் நியூகோம் அதை 43 என்று திருத்தினார். ஒரு டிகிரியில் 3600 விகலை. அதாவது இந்த மிச்சம் ஒரு டிகிரியாகச் சேர எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். போனால் போகுது என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

லெவெரியே ஒரு மறைந்த கோளைச் சந்தேகித்தார். சிரிக்க வேண்டாம். யுரேனஸின் பாதைப் பிசகை மட்டும் வைத்து யாரும் அறியாத ஒரு கோளின் இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் அவர். 1846இல் பெர்லினில் கல்லே தேடத் தொடங்கிய முதல் இரவிலேயே நெப்டியூன் அகப்பட்டது. அதே ஆள், அதே முறை.

சூரியன்மீது ஒரு கரும்புள்ளி கடந்ததை 1859 மார்ச் 26 அன்று கண்டதாக லெகார்போ என்ற கிராமத்து மருத்துவர் எழுதினார். மரப்பலகையில் கணக்குப் போட்டு, இடம் தீர்ந்ததும் இழைத்துவிட்டு மறுபடி எழுதுகிறவர் அவர். லெவெரியே நேரில் போய்க் குறுக்கு விசாரணை செய்து, நம்பினார். மருத்துவருக்கு விருது, கோளுக்கு வல்கன் என்ற பெயர். அதே நேரம் பிரேசிலில் சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்த லியே தனக்கு எதுவும் தென்படவில்லை என்றார். எடுபடவில்லை. (யாருடைய கண் சாட்சியாகிறது என்பது தனிக் கேள்வி.) லெவெரியே 1877இல் இறந்தபோதும் வல்கன்மீதான நம்பிக்கையைக் கைவிட்டிருக்கவில்லை.

1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் அந்த 43 விகலையைப் பொதுச் சார்பியலிலிருந்தே வருவித்தார். புதுக்கோள் எதுவும் தேவைப்படவில்லை.

தூக்கிப் போடச் சொல்பவர்கள் இங்கே கைதட்டலாம். ஆனால் மொத்த நகர்வு சுமார் 574 விகலை. அதில் 43 போக மீதியை விளக்கியது நியூட்டனின் விதிதான். அந்த விதியைக் கடைசிப் புள்ளிவரை விடாமல் போட்டுப் பார்த்ததால்தான் மிச்சமே கண்ணில் பட்டது. அது நெப்டியூனா வல்கனா என்று மிச்சத்தின் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

இப்போது விண்மீன் மண்டலங்களின் சுழற்சியிலும் கணக்கு உதைக்கிறது. பெரும்பாலோர் கரும்பொருள் என்கிறார்கள். 1983 முதல் மில்க்ரோம் போன்றவர்கள் விதியையே மாற்றச் சொல்கிறார்கள். கரும்பொருளின் துகள் எதுவும் இன்னும் பிடிபடவில்லை.