கைக்கு மீளும் காசு

பலசரக்குச் செலவில் மிச்சம் பிடிப்பதற்கு எந்தக் கடனட்டை நல்லது? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் இலட்சக்கணக்கானோர் இன்று இக்கேள்வியைக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. மாவும் பாலும் முட்டையும் விலையேறி நிற்கும்போது, நூற்றுக்கு மூன்றோ ஆறோ கைக்கு மீளுமென்றால், அதை வேண்டாமென்று தள்ளுமளவுக்கு எந்த உழைப்பாளியின் வீட்டிலும் செல்வம் வழிந்தோடவில்லை. ஆகவே கேட்பவரை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. முதலில் அவர்களுடைய கணக்கைப் பார்ப்போம். பின்னர், மீளுகின்ற அந்தக் காசு யாருடைய காசு என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இரண்டு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. பலசரக்குக்கு நூற்றுக்கு 3 வீதம் மீளும். மற்றதற்கு ஆண்டுக்கு 95 டொலர் கட்டணம். 6 வீதம் மீளும். இரண்டிலும் ஆண்டில் முதல் 6,000 டொலருக்கே இந்தச் சலுகை. மாதம் 500 டொலருக்குப் பொருள் வாங்கும் குடும்பம் முதலாவது அட்டையால் ஆண்டுக்கு 180 டொலர் பெறும். இரண்டாவதால் 360 டொலர் பெற்று, கட்டணம் போக 265 டொலரை மிச்சம் பிடிக்கும். மாதம் 200 டொலருக்கு வாங்கும் தனியாளுக்கோ கணக்குத் தலைகீழாகும்: முதலாவது 72 டொலர் தரும், இரண்டாவது 49 டொலர்தான் தரும். மாதம் ஏறக்குறைய 264 டொலர் என்ற இடத்தில் இரண்டும் சமமாகின்றன. குறைவாக வாங்குகிறவன் கட்டணமுள்ள அட்டையை எடுத்தால் நட்டப்படுவான் என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. அட்டை நிறுவனங்கள் கடைகளை இலக்கமிட்டு வகுத்திருக்கின்றன. பலசரக்குக் கடைக்கு 5411. உறுப்பினர்களுக்கு மாத்திரம் விற்கும் பெரும் பண்டகசாலைக்கு 5300. துணியும் தொலைக்காட்சியும் ஒரே கூரையின் கீழ் விற்கும் பெருங்கடைகளையும் பல அட்டைகள் பலசரக்குக் கடையாகக் கொள்வதில்லை. அங்கே வாங்கிய அரிசி, அட்டையின் கண்ணுக்கு அரிசியன்று. எனவே அட்டையைத் தெரிவதற்கு முன் நாம் உண்மையில் எந்தக் கடைக்குப் போகிறோம் என்பதைப் பார்க்கவேண்டும். இவை யாவற்றுக்கும் மேலானது ஒன்று: மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டித் தீர்க்க முடியாதவனுக்கு எந்த அட்டையும் நல்ல அட்டையன்று. அமெரிக்கக் கடனட்டை வட்டி அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு 20ஐத் தாண்டிவிட்டது. 1,000 டொலர் கடன் ஓராண்டு நின்றால் 200 டொலருக்கு மேல் வட்டி. மேலே கண்ட 180 டொலர் அதிலேயே கரைந்துபோகும். அதுமட்டுமா? பழைய கடன் நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பாணுக்கும் பாலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அந்நாட்டில் அட்டை வைத்திருப்போரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆண்டில் ஒரு முறையாவது இவ்வாறு கடனை நிறுத்திவைக்கின்றனர்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

வாங்கிய பலசரக்கின் அளவுக்கேற்பக் காசு திரும்பக் கொடுக்கும் வழக்கம் வங்கிகளின் மூளையில் உதித்ததன்று. இங்கிலாந்தின் வடக்கே, றொச்டேல் என்ற நெசவு நகரத்தின் தொழிலாளர் அதற்கு உருக்கொடுத்தனர். 1840-ம் ஆண்டுகளில் அந்நகரத்துக் கம்பளி நெசவாளர் கூலி உயர்வு கேட்டுத் தோற்றிருந்தனர். கூலி குறைவு ஒருபுறமிருக்க, அந்தக் கூலியும் கடைக்காரனின் கொப்பியிலே சிறைப்பட்டிருந்தது. கடனுக்கு வாங்குபவன் கொடுத்ததை வாங்கவேண்டும். கலப்பட மாவையும் கள்ள நிறையையும் கேள்வி கேட்க அவனுக்கு வாயில்லை. கூலியைப் பண்டமாகக் கொடுப்பதை 1831-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும், கடைக்கடன் தொழிலாளியைக் கட்டியே வைத்திருந்தது. (நம் மலைநாட்டுத் தோட்டங்களில் 1921-ம் ஆண்டுவரை நிலவிய துண்டு முறையை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தொழிலாளி தோட்டம் மாறும்போது அவன் கடனை எழுதிய கடதாசியும் கூடவே மாறியது.)

இந்நிலையில் 28 பேர் வாரம் இரண்டு பென்சு வீதம் சேமிக்கத் தொடங்கினர். அவர்களுட் சிலர் சாசன இயக்கத்தினர். சிலர் றொபேட் ஓவனின் சமதர்மக் கருத்துக்களைக் கற்றவர். 28 பவுண் சேர்ந்தது. 1844-ம் ஆண்டு டிசெம்பர் 21-ம் தேதி மாலை, டோட் லேன் என்னும் ஒழுங்கையில் ஒரு பண்டகசாலையின் கீழ்த்தளத்தைத் திறந்தனர். உள்ளே கொஞ்சம் மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி, வேறொன்றுமில்லை. தெருப் பையன்கள் கூடிநின்று கேலி செய்தனர் என்று அச்சங்கத்தின் வரலாற்றை எழுதிய ஹோலியோக் கூறுகிறார்.

அவர்கள் வகுத்த விதிகளுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. வழக்கமான சந்தை விலைக்கே விற்று, செலவும் முதலுக்குரிய சிறு வட்டியும் போக எஞ்சுவதை, ஒவ்வொருவரும் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிலாபமாகத் திருப்பிக் கொடுப்பது ஒன்று. கடனுக்கு விற்பதில்லை என்பது மற்றது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. கைக்காசுக்கே வாங்கவேண்டுமென்ற கட்டுப்பாடு தொழிலாளியைக் கொப்பியிலிருந்து விடுவித்தது. பங்கிலாபம் அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கும் வலுவைக் கொடுத்தது. மீண்டு வந்த காசு கடைக்காரனுடைய தருமமன்று. கடையே அவர்களுடையது, தங்கள் காசையே தாங்கள் பெற்றனர். பின்னாளில் வட இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கியதும் மழைகாலத்து உடுப்பு வாங்கியதும் இந்தப் பங்கிலாபத்தினால்தான்.

ஆயினும் இந்த இயக்கத்தையும் குறை கூறாமல் விடமுடியாது. பங்கிலாபம் உயர உயர உறுப்பினர் மகிழ்ந்தனர்; அதை உயர்த்துவதற்காகச் சில சங்கங்கள் விலையையும் உயர்த்தின. காலணாக் கணக்கில் அன்றாடம் தேயிலை வாங்கும் வறியவர்கள் சங்கக்கடையின் படியேறவில்லை. மார்கரெட் லுவெலின் டேவிஸ் தலைமையிலான கூட்டுறவு மாதர் சங்கம் இதைக் கண்டு வெட்கப்பட்டது. 1902-ம் ஆண்டு சண்டர்லண்ட் நகரின் வறிய பகுதியொன்றில், சிறு அளவுகளில் மலிவாக விற்கும் கிளையொன்று அவர்களுடைய முயற்சியால் திறக்கப்பட்டது. மக்கள் வந்தனர். ஆனால் உள்ளூர் நிர்வாகிகள் மனம் ஒப்பவில்லை. 1904-ம் ஆண்டுடன், அங்கே தங்கி வேலைசெய்த மாதரின் பணி நிறுத்தப்பட்டது. மீளும் காசு பெருகுமிடத்தில் விலை ஏறும், விலை ஏறுமிடத்தில் ஏழை வெளியே நிற்பான் என்பதைத் தோழமையை இலட்சியமாகக் கொண்டவர்களே தம் கடையில் கண்டனர். அப்படியிருக்க, இலாபத்தை இலட்சியமாகக் கொண்டவர்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

அவர்கள் கூட்டுறவின் உடலை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டனர். 1896-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பெரி, ஹட்சின்சன் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் கடைகளுக்குப் பச்சை முத்திரைகளை விற்றது. பத்துச் சதத்துக்குப் பொருள் வாங்கியவருக்குக் கடைக்காரர் ஒரு முத்திரை கொடுப்பார். 1,200 முத்திரைகளை நாவால் நனைத்து ஒட்டினால் ஒரு கொப்பி நிறையும். கொப்பிகளைக் கொடுத்து விளக்கோ போர்வையோ பெறலாம். 1950-ம், 60-ம் ஆண்டுகளில் சுப்பர் மார்க்கட்டுகள் இதில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. முத்திரையை அடுத்த கடையும் கொடுக்கத் தொடங்கியதும் எவருக்கும் மேலதிக வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. செலவு மாத்திரம் விலையில் தங்கிவிட்டது. 1966-ம் ஆண்டு ஒக்டோபரில் டென்வர் நகரத்து இல்லத்தரசிகள் பதாகை பிடித்து சுப்பர் மார்க்கட்டுகளைப் பகிஷ்கரித்தனர். முத்திரையையும் பரிசு விளையாட்டுக்களையும் நிறுத்தி விலையைக் குறையுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. இயக்கம் பல நகரங்களுக்குப் பரவியது. இங்கிலாந்தில் 1977-ம் ஆண்டு டெஸ்கோ நிறுவனம் முத்திரையைக் கைவிட்டபோது, அதே மூச்சில் விலைகளையும் குறைத்தது. முத்திரையின் காசு எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கடனட்டை வேறொரு வழியாக வந்தது. 1958-ம் ஆண்டு செப்டெம்பரில் பாங்க் ஒவ் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிறெஸ்னோ நகரில், கேளாதவர்களுக்கெல்லாம் 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. றொச்டேல் நெசவாளர் எந்தக் கொப்பியிலிருந்து தப்பி ஓடினரோ, அந்தக் கொப்பி பிளாஸ்டிக் உருவில் வீடு தேடி வந்தது. கேளாதோருக்கு அட்டை அனுப்புவதை 1970-ம் ஆண்டு சட்டம் தடுத்தது. ஆனால் 1978-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஒரு வங்கி தன் தாய் மாநிலம் அனுமதிக்கும் வட்டியை எந்த மாநிலத்தாரிடமும் அறவிடலாம் என்று தீர்த்தது. வட்டி உச்சவரம்பை நீக்கிய தென் டக்கோட்டாவுக்குப் பெரிய வங்கியின் அட்டைத் தொழில் குடிபெயர்ந்தது. அதன்பின், 1986-ம் ஆண்டு, சியர்ஸ் நிறுவனம் டிஸ்கவர் என்ற அட்டையை நாடெங்கும் பரப்பியது: ஆண்டுக் கட்டணம் இல்லை; செலவிட்டதில் நூற்றுக்கு ஒன்று வரை கைக்கு மீளும். றொச்டேலின் பங்கிலாபம் இவ்வாறு திரும்பி வந்தது. இம்முறை கடனைத் தவிர்ப்பவனுக்குரிய வெகுமதியாக வரவில்லை, கடன் கருவியை நீட்டுபவனுக்குரிய வெகுமதியாக வந்தது.

பலசரக்குக் கடைகள் நெடுநாள் தயங்கின. நூறு டொலர் விற்றால் ஒன்றிரண்டு டொலரே இலாபமாக எஞ்சும் தொழிலில், அட்டைக்கு இரண்டு டொலர் கொடுப்பது எங்ஙனம்? 1990-ம் ஆண்டுகளில் அட்டை நிறுவனங்கள் அவர்களுக்குக் கட்டணத்தைச் சற்றுக் குறைத்தன, கடைகள் இணங்கின. இன்று அட்டையால் செலுத்தும் ஒவ்வொரு கூடைக்கும் கடைக்காரர் ஒரு பகுதியை இழக்கிறார். அதில் பெரும்பங்கு அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. அதிலொரு துண்டை வங்கி அட்டைக்காரருக்கு எறிகிறது. வெகுமதி அட்டைக்குக் கட்டணமும் கூடுதல். இரண்டு வீதக் கட்டணத்திலிருந்து ஆறு வீதம் கொடுக்க முடியாதே என்று வாசகர் கேட்கலாம். முடியாதுதான். ஆண்டுக் கட்டணமும், 6,000 டொலர் என்ற வேலியும், கடனைத் தீர்க்க முடியாத அயலான் கட்டும் வட்டியும் மிகுதியை நிரப்புகின்றன.

கடைக்காரர் தாம் இழப்பதை எங்கே ஈடுசெய்வார்? எல்லாருக்கும் பொதுவான விலையில். 2010-ம் ஆண்டு பொஸ்ரன் பெடரல் றிசேர்வ் வங்கியின் பொருளியலாளர் இதைக் கணக்கிட்டனர். கைக்காசு கொடுக்கும் குடும்பம் ஒன்று, அட்டைக் குடும்பங்களுக்காகச் சராசரி ஆண்டுக்கு 149 டொலர் சுமக்கிறது; அட்டைக் குடும்பம் ஒன்று 1,133 டொலர் பெறுகிறது. வருமானப்படி பார்த்தால், ஆண்டு வருமானம் 20,000 டொலருக்கு மேற்படாத குடும்பம் 21 டொலர் இழக்க, 150,000 டொலரும் அதற்கு மேலும் உழைக்கும் குடும்பம் 750 டொலர் பெறுகிறது. வறுமைக்காக அரசாங்கம் வழங்கும் உணவு அட்டையோடு வரும் தாய்க்கு மீள்பணம் எதுவுமில்லை; அவள் எடுக்கும் பாணின் விலையோ வரிசையில் முன்னால் நிற்பவரின் பாணின் விலைதான்.

இது மாற்ற முடியாத விதியன்று. அவுஸ்திரேலிய மத்திய வங்கி 2003-ம் ஆண்டு இந்தக் கட்டணத்தை வெட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ம் ஆண்டு கடனட்டைக்கு 0.3 வீதமென்று வரம்பு கட்டியது. அங்கெல்லாம் வெகுமதிகள் மெலிந்தன. அமெரிக்காவில் 2010-ம் ஆண்டுச் சட்டம் பற்று அட்டையோடு நின்றுவிட்டது. கடனட்டைக் கட்டணத்தில் போட்டியை உண்டாக்க 2022-ம் ஆண்டு செனட் சபையில் ஒரு மசோதா முன்வைக்கப்பட்டபோது, உங்கள் வெகுமதி பறிபோகும் என்ற பிரசாரம் எழுந்தது. ஆண்டுக்கு 180 டொலர் மிச்சம் பிடிக்கும் ஆசிரியையும் தாதியும் அப்பிரசாரத்தைக் கேட்டு அஞ்சியிருந்தால் அவர்கள்மேல் பிழையில்லை. அவர்களுடைய 180 டொலர் உண்மையானது. அட்டையை எறிந்துவிடுங்கள் என்று நாமும் சொல்ல வரவில்லை. ஒருவர் எறிவதால் விலை ஒரு சதமும் குறையாது.

இலங்கையிலும் இந்தக் கழிவு வந்து சேர்ந்துவிட்டது. குறித்த நாட்களில் குறித்த வங்கியின் கடனட்டையைக் காட்டினால் மரக்கறிக்கும் பழத்துக்கும் மீனுக்கும் கழிவு உண்டென்று சுப்பர் மார்க்கட்டுகள் விளம்பரம் செய்கின்றன. 1942-ம் ஆண்டுக்குப் பின், யுத்தகாலப் பங்கீட்டுக்காக ஊர்தோறும் எழுந்த சங்கக்கடைகளில் அரிசி வாங்க எவரும் சம்பளச் சான்றிதழ் காட்டவில்லை. கடனட்டைக்கு அது வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவரிடம் அது இல்லை. அந்த மீனை விடியற்காலையில் கரையிலிருந்து வலையினின்றும் பிரித்தெடுத்த பெண்ணிடமும் இல்லை.